தோட்டாவில் தீராத வழக்கு

ஆட்டுப்பட்டிக்கும் கரும்புக் கொல்லைக்கும் இராக்காலத்தில் வந்துபோகும் நரியை ஒழிப்பதற்கு வேண்டியவை நல்லதொரு துப்பாக்கியும், தொலைவில் நிற்கும்போதே அதைச் சாய்த்துவிடத்தக்க வீரியமுள்ள தோட்டாவும் மட்டுமே என்றும், அவ்விரண்டையும் சர்க்கார் குடியானவன் கையில் கொடுத்துவிட்டால் அன்றோடு தொல்லை தீர்ந்துவிடும் என்றும் ஓர் எண்ணம் நம் நாட்டுப்புறங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காட்டுப்பன்றிக்காகத் தொடங்கிய இந்தப் பேச்சு, பன்றியோடு நிற்காமல் மயிலுக்கும் நரிக்கும் பரவி, வாயும் வயிறும் படைத்த எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே பரிகாரம் துப்பாக்கிதான் என்ற சித்தாந்தமாகவே முதிர்ந்துவிட்டது. இது பிழையான எண்ணம் என்பதும், பிழையானது என்பதோடு நில்லாமல், ஆட்டையும் பயிரையும் உண்மையில் காக்கக்கூடிய உபாயங்களின் மீது நம் கவனம் செல்லவிடாமல் தடுத்து நிற்கிற எண்ணம் என்பதுமே என் கட்சி.

திருத்தணியைச் சுற்றியுள்ள நிலத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இப்பேச்சு இங்கே ஏன் எளிதில் எழுகிறது என்பது விளங்கும். வடக்கேயும் மேற்கேயும் நகரி மலைத்தொடர்; அதன் அடிவாரங்களில் பாறையும் முட்புதரும் மண்டிய குன்றுகள்; இடையிடையே நந்தியாறும் கொசஸ்தலையாறும் நீர் ஊட்டும் வயல்கள்; திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு; மானாவாரி நிலங்களில் வேர்க்கடலை; மாந்தோப்பு. பகலில் மறைவதற்குக் கரும்பும் வேலிக்காத்தான் புதரும், இரவில் மேய்வதற்கு வயலும் ஏரிக்கரையும் அருகருகே அமைந்த இத்தகைய பூமி நரிக்கு மிகவும் உவந்தது. ஆகையால் அந்தியில் ஊளை கேட்பதும், விடியலில் வரப்பின் மேல் அதன் உருவம் தென்படுவதும் இங்கே அதிசயமல்ல. அதன்மேல் இப்போது புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்க நாட்டில் கயோட்டி என்னும் நரியினப் பிராணியை முந்நூறு, நானூறு கஜ தூரத்திலிருந்து சுட்டு வீழ்த்துவோர் எடுத்த படங்களை நம் ஊர் இளைஞர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். எந்தத் தோட்டா வேகமானது, எந்தக் குண்டு நேராகப் போகும் என்று, ஒருநாளும் தம் கைக்கு வரப்போகாத பொருள்களைப்பற்றி ஆர்வத்தோடு தர்க்கம் செய்கிறார்கள். ஆர்வத்தை நான் பழிக்கவில்லை. அந்தத் தர்க்கத்தின் அடியில் கிடக்கும் நம்பிக்கையைத்தான் எதிர்க்கிறேன். எனவே அவர்களுடைய ஆயுதசாலைக்குள்ளேயே சென்று அதை விசாரிப்பதுதான் நியாயம்.

கயோட்டி வேட்டைக்காரர்கள் அதிகமாகப் பேசும் தோட்டாக்கள் சிலவே. .223 ரெமிங்டன், 1965ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த .22-250, 1955இல் வந்த .243 வின்செஸ்டர் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் எளியதான .223இன் வழக்கமான குண்டு 55 கிரெயின் எடையுள்ளது. அதாவது மூன்றரை கிராமுக்குச் சற்றே கூடுதல். குழல்வாயை விட்டுப் புறப்படும்போது விநாடிக்கு 3,240 அடி வேகத்தில் அது செல்கிறது. இந்த எண்ணைக் கேட்டதும், இவ்வளவு வேகமாகச் செல்லும் பொருளுக்குத் தூரம் ஒரு பொருட்டாகுமா என்ற மயக்கம் எவருக்கும் உண்டாகும். ஆனால் அந்த வேகம் குழல்வாயில் மட்டுமே உள்ள வேகம். காற்று என்பது வெறுமையன்று. அது குண்டை ஒவ்வோர் அடியிலும் தடுக்கிறது. வேகம் மிகுந்தால் தடையும் மிகுகிறது. சாதாரண மென்முனைக் குண்டு 400 கஜத்தை எட்டும்போது அதன் வேகம் தொடங்கியதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது; வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகும் என்பது பௌதிகத்தின் விதி; ஆகவே துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவானதே அங்கே போய்ச் சேருகிறது.

வேகம் போனது ஒருபுறம் இருக்க, குண்டு நேராகச் செல்கிறது என்பதும் பிரமையே. குழலை விட்ட க்ஷணத்திலிருந்து பூமி அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. காற்றே இல்லாத உலகம் என்று பாவித்துக்கொண்டாலும், 400 கஜம் செல்வதற்குள் அந்தக் குண்டு குழல் காட்டிய கோட்டிலிருந்து இரண்டடிக்கு மேல் தாழ்ந்துவிடும். காற்றின் தடையையும் சேர்த்துக்கொண்டால் மூன்றடியைத் தாண்டிவிடும். தூரத்தைச் சரியாக அறிந்தவன் இத்தாழ்வைக் கணக்கிட்டு மேலே குறிவைக்கலாம். அதற்கென்று கருவிகளும் இருக்கின்றன. பக்கவாட்டில் வீசும் காற்றை அவ்வளவு எளிதாகக் கணக்கிட முடியாது. மரத்தின் சிறு கொப்புகள் மட்டும் அசையத்தக்க, மணிக்குப் பத்து மைல் வேகமுள்ள குறுக்குக் காற்று, அந்தத் தூரத்தில் இந்தக் குண்டை ஏறக்குறைய ஒன்றரை முழம் விலக்கிவிடும். நரியின் உடலிலோ, குண்டு பட்ட மாத்திரத்தில் உயிர் போகும் என்று சொல்லத்தக்க நெஞ்சுப் பகுதியின் அகலம் ஒரு சாணுக்கு மேல் இல்லை. காற்றின் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டவனுடைய குண்டு ஒரு சாண் விலகி விழும். அந்த ஒரு சாணில்தான் நெஞ்சுக்கும் குடலுக்கும் உள்ள பேதம் அடங்கியிருக்கிறது. சுடுபவன் நிற்கும் இடத்தில் வீசும் காற்று வேறு, நடுவழியில் வீசும் காற்று வேறு, நரி நிற்கும் இடத்துக் காற்று வேறு. குன்றுகளுக்கிடையே ஆடி மாதத்து மேல்காற்று பாயும் இந்தப் பிரதேசத்தில் அம்மூன்றும் ஒத்திருப்பது அரிது. போதாததற்கு, குண்டு போய்ச் சேர அரை விநாடிக்கு மேலாகிறது; அந்த அரை விநாடியில் சாதாரணமாக நடக்கிற நரி ஒரு முழமாவது பெயர்ந்துவிடும்.

அப்படியானால் இன்னும் வேகமான தோட்டா, இன்னும் கனத்த குண்டு என்று போகலாமே என்பார்கள். போகலாம், போகிறார்கள். .22-250இல் அதே 55 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,600 அடிக்கு மேல் புறப்படுகிறது; .243இல் அதைவிடக் கனத்த குண்டுகளை வைக்க முடிகிறது. இவை மேற்சொன்ன பிழைகளைக் குறைக்கின்றனவேயன்றி இல்லாமற் செய்வதில்லை. தோட்டா மேம்பட்ட அளவுக்குச் சுடுபவன் இன்னும் தள்ளி நிற்கத் துணிகிறான்; அந்தத் துணிவினாலே பழைய பிழை முழு அளவில் திரும்பி வந்துவிடுகிறது. நூறு கஜத்தில் தப்பாமல் சுடத்தக்க தோட்டா கையில் இருக்கும்போது நானூறு கஜத்தில் சுட்டுப் பார்க்கும் ஆசையே தோட்டா விசாரத்தின் உண்மையான பலன்.

இதெல்லாம் அயல்நாட்டு ரைஃபிளின் கதை. நம் நாட்டில் குடியானவனுக்குச் சட்டம் அனுமதிப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், உண்மையாகப் பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு வேண்டுவோருக்கு உரிமம் வழங்கப்பட வேண்டிய ஆயுதமாகக் குறிப்பிடுவது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். கரிமருந்தைக் குழலில் கொட்டி, தக்கையை அடைத்து, ரவையையோ குண்டையோ போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற இந்தத் துப்பாக்கியின் குழலுக்கு உள்ளே சுருள்வரி கிடையாது. சுருள்வரி இல்லாததனால் குண்டு சுழல்வதில்லை. சுழலாத குண்டு ஐம்பது அறுபது கஜத்துக்கு அப்பால் எங்கே போகும் என்று சுடுபவனுக்கே நிச்சயம் இல்லை. ரவையோ நாற்பது கஜத்துக்குள் சிதறிச் சக்தி இழந்துவிடும். மருந்தைக் கூட்டிப் போட்டால் தூரம் கூடும் என்பது நாட்டுத் துப்பாக்கிக்காரர்களிடையே வழங்கிவரும் பழைய நம்பிக்கை. ஓர் அளவுக்கு மேற்பட்ட கரிமருந்து குழலுக்குள் எரிந்து முடியாமல் வெளியே கொட்டிப் போகிறது என்பதும், உருண்டைக் குண்டுக்குக் கூடுதல் வேகம் கொடுத்தாலும் காற்று அதைச் சில கஜங்களுக்குள் பறித்துவிடும் என்பதும், பழுதுற்ற குழலில் மருந்தை மிகையாக இடித்தால் வெடித்துச் சிதறுவது சுடுபவனுடைய கையும் கண்ணுமே என்பதும் அந்த நம்பிக்கையை எதிர்த்து நிற்கும் உண்மைகள்.

தப்பிய குண்டு எங்கே போகிறது என்று தோட்டாவின் மேன்மை பேசுவோர் கேட்டுக்கொள்வதில்லை. அணிலும் முயலும் சுடுவதற்கென்று செய்யப்பட்ட மிகச் சிறிய .22 தோட்டாவின் பெட்டியிலேயே, ஒன்றரை மைல் தூரம் வரையில் அபாயம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். ரைஃபிள் தோட்டாக்கள் அதைவிட வெகுதூரம் செல்லும். திருத்தணி வட்டத்தில் எந்த வயலின் நடுவில் நின்று எந்தத் திசையை நோக்கினாலும், ஒன்றரை மைலுக்குள் ஒரு சேரியோ, குடியிருப்போ, பள்ளிக்கூடமோ, ரேணிகுண்டாவுக்குப் போகும் இருப்புப்பாதையோ இல்லாத இடம் எத்தனை உண்டு? இராக்காலத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும், மோட்டார் கொட்டகையில் படுத்திருப்பவர்களும் உள்ள நாடு இது; பாறை நிறைந்த குன்றில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதையோ யாரும் சொல்ல முடியாது. ஆளரவமற்ற அகன்ற புல்வெளிகளில் பழகிய ஒரு வேட்டை முறையை இந்த நெருக்கத்துக்குள் கொண்டுவந்து பொருத்த நினைப்பது விவேகமாகாது.

இனி, குண்டு தப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கயோட்டிக்கென்று விற்கப்படும் குண்டுகளில் பல, உடலுக்குள் புகுந்தவுடன் தூள்தூளாகச் சிதறும்படி மெல்லிய உறையோடு செய்யப்படுபவை. அந்தத் தூள் ஈயம். செத்த பிராணியை வயலிலேயே விட்டுவிடுவார்கள். கழுகும் பருந்தும் காக்கையும் அதைத் தின்னும்போது ஈயத்தையும் சேர்த்தே தின்னுகின்றன. கலிபோர்னியா மாகாணத்தில் மிக அரிய காண்டார் கழுகுகள் இவ்வாறு ஈயநஞ்சினால் மடிந்ததைக் கண்டபிறகு, 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே அந்த மாகாணம் முற்றிலும் தடை செய்துவிட்டது. கால்நடைகளுக்கு இட்ட டைக்ளோபினாக் மருந்தினால் பிணந்தின்னிக் கழுகுகளை ஏறக்குறைய இழந்துவிட்டு நிற்கிற நாம், இன்னொரு நஞ்சை விலைக்கு வாங்குவதா?

இவற்றுக்கெல்லாம் மேலான கேள்வி ஒன்று உண்டு. நரி செத்தால் நரித்தொல்லை தீர்கிறதா? இதற்கு உலகத்திலேயே பெரிய பரீட்சை அமெரிக்காவில்தான் நடந்திருக்கிறது. துப்பாக்கி, பொறி, நஞ்சு, ஆகாய விமானத்திலிருந்து சுடுதல் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கயோட்டியின் மீது அந்நாடு யுத்தமே நடத்தி வந்திருக்கிறது. மத்திய சர்க்காரின் ஓர் இலாகா மட்டுமே பல ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 60,000க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. தனிப்பட்ட வேட்டைக்காரர்கள் கொல்வது அதற்குப் புறம்பு. இந்த யுத்தத்தின் முடிவு என்ன? முன்பு மேற்குப் பகுதிகளிலும் நடுச் சமவெளிகளிலும் மட்டும் வாழ்ந்த அந்தப் பிராணி இன்று ஹவாய்த் தீவுகள் நீங்கலாக அந்நாட்டின் எல்லா மாகாணங்களிலும் வாழ்கிறது. நியூயார்க், சிகாகோ போன்ற மகாநகரங்களுக்குள்ளும் குடியேறிவிட்டது. 1975இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணித மாதிரி கொண்டு ஆராய்ந்து, ஆண்டுதோறும் நூற்றுக்கு எழுபத்தைந்து வீதம் இடைவிடாமல் கொன்றுவந்தாலும் கயோட்டிக் கூட்டம் ஒன்று அற்றுப்போக ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கண்டார்கள். கூட்டம் குறைந்தால் எஞ்சியவற்றுக்கு இரை மிகுகிறது. இரை மிகுந்தால் குட்டிகள் பிழைக்கின்றன. காலியான எல்லைக்குள் வெளியிலிருந்து இளம் பிராணிகள் வந்து அமர்கின்றன. இத்தனை தோட்டாக்களும் தூரதரிசனிக் குறிகளும் பணமும் படைத்த தேசத்தால் ஆகாதது, நம் மருந்துகெட்டித் துப்பாக்கியால் ஆகும் என்பதற்கு என்ன ஆதாரம்?

கயோட்டி வேறு, நம் நரி வேறு என்று சொல்லலாம். உண்மைதான், இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஆனால் இணைபிரியாமல் ஜோடியாக வாழ்வதிலும், ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு பிறரை அதில் நுழையவிடாமல் தடுப்பதிலும், கிடைத்ததைத் தின்று பிழைப்பதிலும் இரண்டும் ஒரே ஸ்வபாவமுடையவை. ஆட்டைத் தொடாமல் எலியையும் நண்டையும் தின்று பழகிய ஒரு ஜோடி கரும்புக் கொல்லையைத் தன் எல்லையாகக் கொண்டிருக்குமானால், அந்த ஜோடி உள்ளவரை பெரும்பாலும் வேறு நரி அங்கே குடியேறாது. அதைக் கொன்றபின் வருவது எத்தகையது என்று யாருக்கும் தெரியாது.

எலி என்றேன், அதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். இந்த விவகாரத்தில் குடியானவனுடைய கணக்கேட்டில் நரியின் பற்று மட்டும் எழுதப்பட்டு வரவு எழுதப்படாமல் இருக்கிறது. வயலெலியும் பெருச்சாளியும் நெல்லுக்கும் கடலைக்கும் கரும்புக்கும் செய்யும் சேதத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. எலி வளையைத் தோண்டிப் பார்த்த இருளர் எவரைக் கேட்டாலும், ஒரே வளைக்குள் எவ்வளவு கதிர் சேர்ந்திருக்கும் என்று சொல்வார்கள். அந்த எலிதான் நரிக்கு முக்கியமான ஆகாரம். வங்கதேசத்து வயல்வெளிகளில் நரிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அவை பகலில் கரும்புக் கொல்லைகளில் மறைந்திருந்து இரவில் வயலெலிகளைத் தேடித் தின்பதைக் கண்டிருக்கிறார்கள். செர்பியா நாட்டு நரிகளின் இரையை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரை ஒன்று, அந்தச் சிறிய நாட்டில் மட்டும் நரிகள் ஆண்டுக்கு 3,700 டன்னுக்கு மேற்பட்ட பிராணிக் கழிவை அப்புறப்படுத்துகின்றன என்றும், பயிரை அழிக்கும் கொறிப்பிராணிகளில் ஒரு கோடியே முப்பத்திரண்டு லட்சத்தைத் தின்றுவிடுகின்றன என்றும் மதிப்பிட்டது. நரி ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாதம் சுமந்து, நாலைந்து குட்டி போடும் பிராணி. வயலெலியோ ஏறக்குறைய மூன்று வாரக் கர்ப்பத்தில் ஈன்றுவிட்டு மறுபடியும் சினைப்படுவது. இவ்விரண்டில் எதை ஒழித்தால் எது பெருகும் என்று அறியப் பெரிய சாஸ்திர ஞானம் தேவையில்லை. நரி கரும்பைக் கடிப்பதும், கடலையைக் கிளறுவதும், முலாம்பழத்தைத் தின்பதும் மெய்யே. நரி தின்ற கரும்பைக் குடியானவன் பார்க்கிறான். நரி தின்ற எலியால் தப்பிய கரும்பை அவன் எவ்வாறு பார்க்க முடியும்?

ஆட்டுக்கு வருவோம், அதுதான் மனம் நோகும் இடம். ஒரு குட்டியை இழந்த இடையனுடைய துக்கத்தையும் நஷ்டத்தையும் சிறிதாக நினைப்பவன் இந்தக் கட்டுரையை எழுத அருகதையற்றவன். நரி ஆட்டுக்குட்டியைத் தூக்குவது உண்டு. கோழியைக் கவ்வுவது மிகவும் உண்டு. ஆனால் எட்டுப் பத்துக் கிலோ எடையுள்ள அந்தப் பிராணி, வளர்ந்த வெள்ளாட்டையோ செம்மறியையோ பட்டிக்குள் புகுந்து பத்தும் பதினைந்துமாகக் குதறிப்போட்டது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அது நாய்களின் வேலை. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கங்களில் அண்மை ஆண்டுகளில் பட்டி பட்டியாக ஆடுகள் கடிபட்டுச் செத்ததும், செத்த ஆடுகளோடு குடியானவர்கள் சாலைக்கு வந்து நிவாரணம் கேட்டதும் தமிழ்நாடு அறிந்த செய்தி. அங்கே கடித்தவை நரிகள் அல்ல, தெருநாய்கள். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். ஊர் எல்லையில் கொட்டப்படும் கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் தின்று பெருகிய இந்த நாய்க்கூட்டம் இரவில் செய்கிற பாதகம், விடியலில் வரப்பின்மேல் தென்பட்ட நரியின் தலையில் ஏறிவிடுகிறது. காயத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். நாய்கள் துரத்தித் துரத்தி, தொடையிலும் விலாவிலும் காதிலும் கண்ட இடத்திலெல்லாம் கடித்து, பலவற்றைக் கொன்று, தின்னாமலே விட்டுப்போகும். நரி சிறிய குட்டி ஒன்றைப் பிடிக்கும். தின்னும், அல்லது தூக்கிக்கொண்டு போய்விடும். குற்றவாளியை அறியாமல் தண்டனைக்குத் தோட்டா தேடுவது எந்தத் தர்மத்தில் சேரும்?

வெறிநோய் பிடித்த நரி ஊருக்குள் வந்து மனிதரைக் கடித்த சம்பவங்கள் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அத்தகைய நரி வனத்துறையால் உடனே அடக்கப்பட வேண்டியதே. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நரிக்குக் காப்பளித்திருந்தும், மனித உயிருக்கு ஆபத்தான பிராணியை அப்புறப்படுத்த அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நம் தேசத்தில் வெறிநோயை மனிதருக்குக் கொண்டுவருவது மிகப் பெரும்பாலும் நாய். அதற்கு மருந்து, ஊசி. அந்த ஊசி நாய்க்கு உரிய காலத்தில் போடப்பட்டால் நரிக்கும் நோய் பரவுவது குறையும்.

இதே நரியைப்பற்றி நம் ஜனங்களிடம் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது; தோட்டா நம்பிக்கைக்கு அது உடன்பிறந்தது என்றே சொல்வேன். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்றும், நரிக்கொம்பு வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்றும் சொல்லிக்கொள்கிறோம். சேலம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரி என்னும் வேறு வகை நரியைப் பிடித்துவந்து ஊர்வலம் விடும் வழக்கத்தை வனத்துறை தடுத்தும், ஆண்டுதோறும் அந்த ஆசை தலைதூக்குகிறது. நரிக்குக் கொம்பு இல்லை. நாயினத்தில் எந்தப் பிராணிக்கும் கொம்பு இல்லை. மண்டையோட்டு எலும்பைச் செதுக்கி மயிரும் தோலும் ஒட்டி விற்கப்படுகிற அந்தப் பொருளுக்காக உண்மையான நரிகள் சாகின்றன. விற்பவரை மட்டும் குற்றம் சொல்லி, வாங்கிப் பணப்பெட்டியில் வைப்பவரை நல்லவராக்குவது நம்மிடையே உள்ள பெரிய அநியாயம். அவ்வாறு குற்றம் சொல்லப்படும் நரிக்குறவர் மக்கள் வேட்டையை இழந்து, பாசிமணி கோத்து ஊர் ஊராகத் திருவிழாக்களில் விற்றுப் பிழைக்கிறார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் இசைந்ததே 2022 டிசம்பரில்தான். கொம்பை விரும்பும் கடைக்காரரும் உத்தியோகஸ்தரும் இல்லாவிட்டால் கொம்புக்கு விலை ஏது?

துப்பாக்கி கிடைக்காத இடத்தில் அதன் வேலையைச் செய்ய வருவது அவுட்டுக்காய். இறைச்சிக்குள் வெடிமருந்தைப் பொதித்து வைத்து, கடித்த பிராணியின் வாயைச் சிதறடிக்கும் இந்தக் கொடுமையால் 2021இல் திருச்சிக்கு அருகே ஜீயபுரத்தில் ஒரு நரி மாண்டது. பன்றிக்கு வைத்ததைக் கடித்து யானைகள் தாடை சிதறி, நாட்கணக்கில் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன; மேய்ச்சலுக்குப் போன பசுக்களும் வாய் கிழிந்து திரும்பியிருக்கின்றன. கொன்றால் தீரும் என்ற எண்ணம் மனத்தில் குடியிருக்கும் வரையில் கைக்கு எட்டும் கருவி எதுவோ அது பிரயோகமாகும். நல்ல தோட்டா கொடுத்தால் கெட்ட வெடி ஒழியும் என்பது வீண் ஆசை.

திருத்தணி மலை, சூரனோடு செய்த போர் முடிந்து முருகன் சினம் தணிந்த இடம் என்று புராணம் சொல்கிறது. மற்றத் தலங்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. அந்த முருகன் மணந்த வள்ளி, வேடர் தலைவன் மகள். வில்லும் அம்பும் நிறைந்த குடியில் வளர்ந்த அந்தப் பெண்ணைத் தினைப்புனம் காக்க அனுப்பியபோது அவள் கையில் கொடுக்கப்பட்டது கவண். ஏறி நிற்கக் கொடுக்கப்பட்டது பரண். மற்றபடி அவளுடைய குரல். வேட்டையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பயிர்க்காவல் வேறு, வேட்டை வேறு என்பது தெரிந்திருந்தது. காவல் என்பது உடனிருத்தல். இரவில் ஆளில்லாத கொல்லையை நானூறு கஜத்துக்கு அப்பாலிருந்து காக்கும் தோட்டாவை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை.

உடனிருத்தலுக்கு வழியில்லாத இடத்தில் தடுப்பு வேண்டும். கிடை போடும் இடையர்கள் இன்றும் குட்டிகளைக் கொடாப்புக்குள் அடைத்து, சுற்றி முள்ளை வளைத்து, நாயைக் காவல் வைத்துப் படுக்கிறார்கள். அவ்வாறு அடைத்த கிடைக்குள் நரி புகுந்தது என்று கேட்பது அபூர்வம். ஆள்கூலி ஏறி, இளைஞர்கள் ஆலைகளுக்கும் சென்னைக்கும் போய்விட்ட காலத்தில், வயதான ஒருவர் மட்டும் நாற்பது ஆடுகளைத் திறந்த பட்டியில் விட்டுப் படுக்க நேரும்போதுதான் இழப்பு வருகிறது. அந்தக் கிழவருக்கு வேண்டியது .22-250 அன்று, தரையோடு பதித்து ஆள் உயரத்துக்கு எழுப்பிய கம்பிவலைப் பட்டி ஒன்று, அதற்கு ஒரு கதவு, ஒரு விளக்கு.

ஆகவே திருவள்ளூரில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதுகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இது. துப்பாக்கி உரிமம் என்ற வரியை அடித்துவிடுங்கள். பட்டிக்குக் கம்பிவலை மானியம் கேளுங்கள். இறைச்சிக் கழிவை ஊர் எல்லையில் கொட்டும் கடைகளின் மேல் ஊராட்சி நடவடிக்கை கேளுங்கள். நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறாமல் நடக்கும்படி கேளுங்கள். ஆடு செத்த அன்றே, பிணத்தைப் புதைப்பதற்கு முன், கால்நடை மருத்துவர் வந்து காயத்தைப் பார்த்து, கடித்தது நாயா நரியா என்று எழுத்தில் தரும்படியும், எதுவாயினும் நஷ்டஈடு இத்தனை நாளுக்குள் கிடைக்கும் என்று தேதி குறிப்பிட்டுச் சொல்லும்படியும் கேளுங்கள்.